இரும்புக்கை மாயாவி: கை தயார், ஆள் மறைகிற வேலை நடக்கிறது

கை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆள் மறைவதுதான் இன்னும் முழுசாகக் கைகூடவில்லை. பழைய காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியின் வேஷத்துக்கு இரண்டும் வேண்டும். கை மட்டும் இருந்தால் ஏதோ ரோபோ என்று சொல்லிவிடுவார்கள்.

ஒயிட்ஃபீல்டில் நடக்கிற பெங்களூர் காமிக் கானுக்கு, அதாவது காமிக்ஸ் ரசிகர்கள் வேஷம் கட்டி வரும் திருவிழாவுக்கு, நண்பர்கள் கூட்டமாகப் போவது வழக்கம். ஸ்பைடர்மேன் உடை ரெடிமேடாகவே கிடைக்கிறது. டெட்பூல் வேஷக்காரர்கள் உணவுக்கடை வரிசையில் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். இந்த முறை நான் தமிழ்நாட்டு சூப்பர்ஹீரோவாக வருகிறேன் என்றதும் ஒருவன், "அவன் வெள்ளைக்காரன்ல?" என்று கேட்டான். வெள்ளைக்காரன்தான். ஆனால் அல்சூரில் எங்கள் வீட்டுக்குச் சித்தப்பா விருதுநகரிலிருந்து கட்டுக்கட்டாகக் கொண்டுவந்த பழைய முத்து காமிக்ஸில் அவன் பேசியது தமிழ். எனக்கு அது போதும்.

தெரியாதவர்களுக்காக: இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய தொடர் அது. முதலில் எழுதியவர் கென் பல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹேசுஸ் பிளாஸ்கோ. மாயாவியின் நிஜப் பெயர் லூயிஸ் கிராண்டேல், ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலக்கை போய் இரும்புக்கை பொருத்தப்பட்டவன். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் தாக்க, உடல் முழுக்க மறைந்துவிடுகிறது. கை மட்டும் மறையாது. 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே இவன் கதைதான்.

1962 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஸ்பைடர்மேன் வந்தான். இரண்டு மாதத்தில் இவன். 1963 மார்ச் தேதியிட்ட இதழில் அயர்ன்மேன். மூவரும் ஏறக்குறைய ஒரே வகுப்புப் பையன்கள். அதிலும் அயர்ன்மேனுக்கும் இவனுக்கும் ஒரு சொந்தம் உண்டு. ஆரம்பக் கதைகளில் அயர்ன்மேனான டோனி ஸ்டார்க் நெஞ்சுத் தகட்டைச் சார்ஜ் செய்யச் சுவர் பிளக்கைத் தேடி ஓடுவான், இல்லாவிட்டால் இதயம் நின்றுவிடும். மாயாவியும் மறைய வேண்டுமென்றால் மின்சாரத்தைத் தேடிப் போய் அதிர்ச்சி வாங்கியாக வேண்டும். இன்றைய படங்களில் ஸ்டார்க்கின் கவசம் நானோ துகளாகி நெஞ்சிலிருந்து வழிந்து உடம்பை மூடுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்குப் பயமே வரமாட்டேன் என்கிறது. சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பயம் இல்லாத சக்தியில் கதைக்கு என்ன வேலை இருக்கிறது? மறைந்திருக்கும்போதும் கை தெரிந்து மாட்டிக்கொள்ளலாம், எந்த நேரத்திலும் சார்ஜ் போகலாம். இந்த இரண்டு இடைஞ்சலும்தான் மாயாவி. எனவே வேஷத்திலும் இந்த இரண்டும் வர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

முதலில் கை. இரும்பில் செய்தால் கனம் தாங்காது, உள்ளேயும் விடமாட்டார்கள். இப்படி வேஷம் கட்டுகிற பலரும் பயன்படுத்துவது ஈவிஏ ஃபோம், அதாவது செருப்பின் அடிப்பாகத்துக்கும் குழந்தைகள் விளையாடும் விரிப்புக்கும் போடுகிற அதே சமாச்சாரம். சிக்பேட்டைப் பக்கம் செருப்புச் சாமான் விற்கும் கடையில் 2 மி.மீ., 5 மி.மீ. கனத்தில் தாள் தாளாக வாங்கினேன். விரல்களுக்கு மெல்லியது, புறங்கைக்கும் முன்கைக்கும் தடித்தது.

அளவு எடுப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. கையில் சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேலே மாஸ்கிங் டேப்பை இறுக்காமல் ஒட்டி, மார்க்கரால் மூட்டுகள் வரும் இடத்தில் கோடு போட்டு, அப்படியே வெட்டிக் கழற்றினால் அதுதான் பேட்டர்ன். எனக்கு எழுதுகிற கை வலது, மாயாவிக்கு வேண்டியதும் வலது. அதனால் இடக்கையில் அளவெடுத்து, பேட்டர்னைத் திருப்பிப் போட்டு வெட்டினேன்.

ஒரு விரலுக்கு மூன்று வளையம். ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் இறால் ஓடு மாதிரி கொஞ்சம் ஏறி உட்கார வேண்டும், அப்போதுதான் விரலை மடக்கும்போது உள்ளே துணி தெரியாது. வளையத்தைச் சூடான காற்று வீசும் ஹீட் கன்னால் சூடாக்கி, விரல் கனமுள்ள மார்க்கர் மேல் வளைத்துப் பிடித்தால் ஆறும்போது அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். அந்தச் சூட்டில் ஃபோமின் மேற்பரப்பும் மூடிக்கொண்டு லேசாகப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு வந்ததும் எடுத்துவிட வேண்டும். விட்டால் சுருங்கிவிடும்.

ஒட்டுவதற்கு ஆசாரிகள் மைக்கா ஒட்டப் பயன்படுத்தும் ஃபெவிகால் எஸ்ஆர் 998. இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவு காயவிட்டு, அப்புறம் சேர்த்தால் ஒரே அமுக்கில் பிடித்துக்கொள்ளும். தள்ளிச் சரிசெய்ய வாய்ப்பே தராது. நாற்றம் பலம் என்பதால் பால்கனியில்தான் வேலை. "என்னங்க, அந்தக் கையை மாட்டிக்கிட்டு அங்க நிக்காதீங்க, கீழ் வீட்டுப் பாட்டி காலையில பூப்பறிக்க வருவாங்க" என்று உத்தரவு வந்ததால் ராத்திரி வேலை மட்டும்.

நிறத்தில்தான் அதிக நேரம் போனது. காமிக்ஸின் உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளை. பிளாஸ்கோ அந்தக் கையை வரைந்திருப்பதைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம் எங்குமே கிடையாது. மூட்டில் அடர்ந்த மை, புறங்கை மேட்டில் வெறும் தாள் வெள்ளை, நடுவில் நெருக்கமான கோடுகள். நம் கண்தான் அதை இரும்பாக்கிக்கொள்கிறது. வெள்ளி ஸ்பிரே அடித்துப் பார்த்தால் சீரியலில் வரும் ராஜா கவசம் போல இருந்தது.

கடைசியில் கைகொடுத்தது பூட்டுக்குப் போடும் கிராஃபைட் பொடி. முதலில் சாதாரண வெள்ளை ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து மெல்லிசாகப் பல பூச்சு. அது இல்லாவிட்டால் ஃபோம் பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் லேசான மினுமினுப்புள்ள கறுப்பு. நன்றாகக் காய்ந்ததும் பொடியைப் பருத்தித் துணியில் தொட்டு மேடான இடங்களில் மட்டும் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கறுப்புக்குள்ளிருந்து இரும்பு எழுந்து வருவதைப் பார்க்க வேண்டுமே! பள்ளங்களில் கறுப்பு அப்படியே நிற்க, பிளாஸ்கோவின் மை தானாகவே வந்துவிட்டது. மேலே வார்னிஷ் அடித்தால் அந்த உலோக மினுக்கு மங்கிவிடும். அடிக்கவில்லை. என்னோடு கைகுலுக்குகிறவர்கள் கையில் கொஞ்சம் கரி ஒட்டும், ஒட்டட்டும்.

இனி மறைவது. மேடையில் செய்கிறவர்கள் கறுப்புத் திரைக்கு முன்னால் கறுப்பு உடையில் நிற்பார்கள். காமிக் கான் பகல் வெளிச்சத்தில் அது நடக்காது. அதனால், சினிமாவில் பச்சைத் திரை இருக்கும் இடத்தில் வேறு பின்னணியை ஒட்டுகிற பழைய பச்சைத்திரை உத்தி. ஆனால் தலைகீழாக: பின்னணி பச்சை இல்லை, நான் பச்சை. லேப்டாப் கேமரா முதலில் ஆள் இல்லாத இடத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு நான் பச்சை உடையில் நுழைந்தால், ஓடும் படத்தில் பச்சை எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பழைய பின்னணியை எடுத்து ஒட்டும். திரையில் மிதப்பது கை மட்டும். இதைச் செய்ய ஓபன்சிவி என்ற இலவச நிரல் தொகுப்பும் பைத்தான் என்ற நிரல் மொழியில் ஐம்பது அறுபது வரியும் போதும்.

நிறத்தைப் பிரிக்கச் சிவப்பு-பச்சை-நீலக் கணக்கை விட்டு, நிறச்சாயல், செறிவு, வெளிச்சம் என்ற கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சாயல் வட்டம் 360 பாகை. 8 பிட் எண்ணில் 255-க்கு மேல் அடங்காது என்பதால் ஓபன்சிவி அதைப் பாதியாக்கி 0 முதல் 179 வரை வைக்கிறது. பச்சை 60-ஐ ஒட்டி வரும். நான் 40 முதல் 80 வரை எடுத்துக்கொண்டேன். சிவப்புத் துணியை இதற்குத் தொடாதீர்கள். நம் தோலின் சாயல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, பக்கத்தில் நிற்கிறவர் முகமும் சேர்ந்து காணாமல்போகும். கேமராவின் தானியங்கி வெளிச்சச் சரிசெய்தலையும் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் நான் உள்ளே வந்ததும் படம் முழுக்க வெளிச்சம் கொஞ்சம் மாறி, பழைய பின்னணி ஒட்டுப்போட்ட மாதிரி என் உருவத்தில் தெரியும்.

கிராஃபைட்டின் அருமை இங்கே இன்னொரு முறை தெரிந்தது. வெள்ளி ஸ்பிரே அடித்த சோதனைத் துண்டைப் பச்சைச் சட்டைக்கு அருகில் பிடித்தால், அது பச்சையைப் பிரதிபலிக்கும். நிரல் அதையும் உடை என்று நினைத்து ஓட்டை போட்டுவிடும். இரும்புக்கையில் ஓட்டை விழுந்தால் கதையே போச்சு. கிராஃபைட் மங்கலாக ஒளியைச் சிதறடிப்பதால் அந்தப் பிரச்சினை மிகவும் குறைவு.

தலைக்கு முழுப் பச்சை முகமூடி. சிவாஜி நகர் டெய்லர் பாய் தைத்துக் கொடுத்தார். "கண்ணுக்கு ஓட்டை வேணாமா?" என்றார். வேண்டாம், தெரிந்துவிடும் என்றேன். போட்டுக்கொண்டதும் ஒன்றும் தெரியவில்லை, நாற்காலியில் முட்டினேன். யோசித்தால், விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது. பார்ப்பதென்றால் விழித்திரையில் ஒளி விழுந்து தங்க வேண்டும். ஒளி முழுவதும் ஊடுருவிப் போகிறவனுக்குப் பார்வையே இருக்காது. 1897-ல் மறையும் மனிதன் கதையை எழுதிய எச்.ஜி. வெல்ஸுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவர் கதையில் முதலில் மறைய வைக்கப்படும் பூனைக்குக் கண்ணின் பின்புற நிறமியும் நகங்களும் மறையாமல் நின்றுவிடும்.

கண் இருக்கும் இடத்தில் பச்சைக் கொசுவலைத் துணி வைத்துத் தைக்கச் சொன்னேன். எனக்கு ஓரளவு தெரிகிறது. ஆனால் வலை இடைவெளியில் இருட்டு கலப்பதால் கேமராவுக்கு அது போதுமான பச்சையாகப் படவில்லை. திரையில் ஒரு இரும்புக்கை, அதற்கு மேலே இரண்டு கறுப்புப் புள்ளிகள். நிரலில் எல்லையைத் தளர்த்தினால் புள்ளிகளை நீக்கிவிடலாம். வெல்ஸின் பூனையை நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். கதைப்படி மாயாவியின் கண் வெளியே தெரியக் கூடாதுதான், யாராவது சண்டைக்கு வந்தால் பூனையைக் காட்டுவேன்.

அடுத்து மின்சார அதிர்ச்சி. போலி சுவிட்ச்போர்டு வைத்து அதில் விரலை விடுவதுதான் முதல் திட்டம். சுற்றிலும் சின்னப் பிள்ளைகள் நிற்பார்கள் என்று நினைத்ததும் கைவிட்டேன். வீட்டுக்குப் போய் நிஜ பிளக்கில் விரலை விட்டுப் பார்க்க ஒரு பையன் போதும். அதற்குப் பதில் பெட்டி மேல் ஒரு பெரிய சிவப்பு லீவர். அதை இழுத்தால் உள்ளே பழைய மௌஸின் இடது பட்டன் அமுங்கும், நிரல் அதைக் கேட்டு ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக மறைக்கும். மின்னணுச் சாமான் கடைகள் இருக்கும் எஸ்பி ரோட்டில் அந்த மௌஸை வாங்கும்போது கடைக்காரர், "நல்லாத்தானே இருக்கு குரு, இதைப் போய் ஏன் பிரிக்கப் போறே?" என்று வருத்தப்பட்டார்.

சார்ஜ் தீர்வதையும் நிரலிலேயே வைத்தேன். அரை நிமிடத்துக்கும் ஒன்றரை நிமிடத்துக்கும் நடுவே எப்போது வேண்டுமானாலும் ஆள் திரும்பத் தெரிவான். எப்போது என்று எனக்கே தெரியாது.

எங்கள் அடுக்ககத்தின் கூடத்தில் பெரிய டிவியில் இணைத்துச் சோதித்தோம். பிள்ளைகள் முதலில் கேட்டது, "அங்கிள், இது தானோஸா?" மார்வெல் பட வில்லன் தானோஸின் கையுறை இடக்கையில், அதே படங்களில் வரும் விண்டர் சோல்ஜரின் இரும்புக்கையும் இடப்பக்கம், இது வலது என்று விளக்கினேன். "அப்போ லூக் ஸ்கைவாக்கர்?" என்றாள் ஒரு பெண். 1980-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் லூக்குக்குப் போனது வலக்கைதான். பதில் சொல்ல முடியாமல் லீவரை இழுத்தேன்.

மறைந்ததற்குக் கைதட்டல் சுமார். எல்லாரும் இதைவிடப் பெரிய கிராஃபிக்ஸ் பார்த்தவர்கள். மேஜையிலிருந்த லட்டுத் தட்டை நோக்கி இரும்புக்கை மெதுவாகப் போனபோதுதான் கூடம் சூடுபிடித்தது. "கை தெரியுது, கை தெரியுது!" என்று ஒரு கூட்டம். லட்டை எடுத்த நேரம் பார்த்துச் சார்ஜ் தீர, பச்சை உடையில் லட்டும் கையுமாக நான். அதற்குப் பிறகு வரிசையில் நின்று அவர்களே லீவரை இழுத்தார்கள். யாரும் மறைய வைக்கக் கேட்கவில்லை, எப்போது மாட்டிக்கொள்வேன் என்று பந்தயம் கட்டினார்கள்.

பாக்கி வேலை: கட்டைவிரலின் அடி மடிப்பில் ஒட்டு விட்டுக்கொண்டே இருக்கிறது. அங்கே பசை நிற்காது, எலாஸ்டிக் நாடா வைத்துத் தைக்கலாம் என்கிறார் பாய். கையை அவரிடம் கொடுத்திருக்கிறேன். காமிக் கானில் டிவி கிடைக்காது என்பதால் சின்ன மானிட்டர் ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன். அது வந்ததும் பையில் எல்லாம் அடங்குகிறதா என்று அல்சூரிலிருந்து மெட்ரோ பர்ப்பிள் லைனில் ஒரு நடை ஒயிட்ஃபீல்ட் வரை போய்ப் பார்க்க வேண்டும். முகமூடி இல்லாமல்தான்.