வேடந்தாங்கலில் பறக்கும் நாரைகளைப் படமெடுக்கப் பழகியது

பறவை உட்கார்ந்திருக்கும்போது படமெடுப்பது ஒரு வேலை, அது பறக்கும்போது எடுப்பது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவதைப் பழக எங்கே போகலாம் என்று யோசித்தேன். பறவை பெரிதாக இருக்க வேண்டும், அவசரமில்லாமல் பறக்க வேண்டும். அப்புறம், ஒரு தடவை தவறவிட்டாலும் அதே வழியில் திரும்ப வர வேண்டும். கூடு கட்டும் காலத்து நாரைகள் இதற்கெல்லாம் பொருத்தம். அதனால் ஜனவரியில் வேடந்தாங்கல் கிளம்பினேன்.

சுமார் 30 ஹெக்டேர் ஏரி. தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில்தான் கூடுகள். 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸ் இந்தப் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊர்க்காரர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் காவல் இருக்கிற இடம் என்பதாலோ என்னவோ, கரையில் ஆட்கள் நடப்பதை நாரைகள் சட்டை செய்வதில்லை. பழகுகிறவனுக்கு இது பெரிய சௌகரியம். மரங்கள் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கின்றன, 300 மி.மீ. லென்ஸில் கூட்டில் இருக்கும் பறவை சின்னதாகவே தெரியும். ஆனால் பறந்து வருவது கரைக்கு மேலேயும் வருமே, அதற்கு அந்த லென்ஸ் போதும்.

கரையில் இடம் பிடிக்கும் முன் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. பெரிய பறவைகள் எதிர்காற்றில்தான் எழும்பும், எதிர்காற்றில்தான் இறங்கும். காற்று நம் முதுகில் பட்டால் பறவை நம்மைப் பார்த்து வருகிறது என்று அர்த்தம். முகத்தில் அடித்தால் வால்தான் படத்தில் விழும். வெயிலும் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். ஜனவரியில் அங்கே காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும், காலை வெயில் தென்கிழக்கிலிருந்து. கிழக்குக்கு முதுகைக் காட்டி நின்றால் இரண்டும் ஓரளவு அமையும். கரை நம் வசதிக்காக வளைந்து கொடுக்காது, கிடைத்ததில் நல்ல இடமாகப் பார்த்து நிற்க வேண்டியதுதான்.

கேமராவில் செய்து வைத்தவை அதிகமில்லை. எல்லாவற்றையும் நாமே தீர்மானிக்கும் மேனுவல் மோடு, ஷட்டர் வேகம் 1/1600 நொடி, லென்ஸின் திறப்பான அப்பர்ச்சர் எஃப்/6.3, வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓ மட்டும் ஆட்டோ. ஃபோகஸ் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும் முறையில் இருக்க வேண்டும். கேனானில் இதற்கு சர்வோ என்று பெயர், நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. ஃபோகஸ் புள்ளி ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு பறவையின் கண்ணைத் துரத்துவது கை பழகியவர்களுக்கு. தொடக்கத்தில் நடுவில் ஒரு சிறு கூட்டமாகப் புள்ளிகளை வைத்துக்கொண்டால் எதிலாவது ஒன்றில் பறவை மாட்டும். ஐஎஸ்ஓ கூடக் கூடப் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும், ஆனால் 1600 வரை போனாலும் நான் கவலைப்படுவதில்லை. புள்ளி புள்ளியாகத் தெரிகிற படத்தைப் பிறகு சரிசெய்யலாம், அசைந்துபோன படத்தை யாராலும் சரிசெய்ய முடியாது.

எல்லோரும் கேட்பது இந்த எண்களைத்தான். ஆனால் உண்மையான சிரமம் பறவையை வியூஃபைண்டருக்குள், அதாவது கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் சன்னலுக்குள், கொண்டுவருவது. நீளமான லென்ஸ் வழியாக வானத்தைப் பார்த்தால் எங்கும் ஒரே வெறுமை, ஸ்ட்ரா குழலுக்குள் கண்ணை வைத்துக் கொசுவைத் தேடுகிற மாதிரி. இதற்குக் கைகண்ட வழி, பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவருவது. ஜூமைக் குறைத்து வைத்துப் பிடித்துவிட்டு, பிறகு நெருங்கலாம். முன்கூட்டியே ஏறக்குறைய அதே தூரத்தில் இருக்கிற ஒரு மரத்தில் ஃபோகஸ் செய்து வைத்தால், லென்ஸ் முன்னும் பின்னும் தேடி அலையாது. கால்களைப் பறவை வரும் பக்கம் வைக்காமல், எங்கே படமெடுக்கப் போகிறோமோ அந்தப் பக்கம் ஊன்றிக்கொண்டு இடுப்பை மட்டும் திருப்ப வேண்டும். அப்போது உடம்பு முறுக்கு அவிழ்கிற திசையிலேயே பறவையும் போகும், கை உதறாது.

மஞ்சள் மூக்கு நாரைதான் என் ஆசிரியர். குச்சி எடுக்கப் போகும், வாயில் குச்சியோடு திரும்பும், கூட்டில் வைக்கும், மறுபடி கிளம்பும். கொஞ்ச நேரம் கேமராவைத் தொடாமல் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதை இருப்பது புரியும். எந்த மரத்தின் இடது பக்கமாக வரும், எங்கே இறக்கையைச் சாய்த்துத் திரும்பும், எங்கே காலைத் தொங்கவிடும் என்பதெல்லாம் கிட்டத்தட்ட அப்படியே திரும்ப நடக்கும். திரும்புகிற இடம்தான் நல்ல படம். அங்கே வேகம் குறைகிறது, இறக்கையின் மேல்பக்கம் வெளிச்சத்தில் விரிகிறது, முதுகோரத்து ரோஜா நிற இறகுகள் தெரிகின்றன. கிளம்பும் முன்னும் ஜாடை காட்டும். காற்றைப் பார்த்துத் திரும்பும், உடம்பைத் தாழ்த்தும், பல சமயம் எச்சம் போடும். எச்சம் விழுந்தால் விரல் ஷட்டரில் இருக்க வேண்டும்.

கூழைக்கடா இன்னும் சுலபம். அவ்வளவு கனத்தோடு தண்ணீரிலிருந்து எழும்ப அது காலால் உதைத்துக்கொண்டு ஓடியாக வேண்டும், அதற்குள் நாம் ஃபோகஸ் பிடித்துவிடலாம். பறவைப் பறப்பைப் படமெடுத்த முன்னோடியான பிரெஞ்சு விஞ்ஞானி எத்தியேன் ழூல் மாரேயும் கூழைக்கடாவை எடுத்திருக்கிறார். 1882-ல் அவர் செய்த கேமரா பார்ப்பதற்கு துப்பாக்கி போலவே இருக்கும், நொடிக்கு 12 படம் எடுக்கும். இன்று சாதாரண கேமராவே அந்த அளவுக்கு எடுக்கிறது. ஆனால் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால், படங்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் பஃபர் நிறைந்து, நல்ல கட்டம் வரும்போது கேமரா மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். சின்னச் சின்னதாக அழுத்துவதே மேல்.

வெளிச்சத்தில் ஒரு சிக்கல் உண்டு. பிரகாசமான வானத்தின் முன்னால் பறக்கும் பறவையைக் கேமரா கறுப்பு நிழலாக்கிவிடும், அதை ஈடுகட்ட எக்ஸ்போஷர் ஈடு என்ற அமைப்பை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்). அதே பறவை மரங்களின் பச்சைக்கு முன்னால் தாழ இறங்கினால் அந்த ஈடு வெள்ளை இறகுகளை வெளிற அடித்துவிடும். கொக்கு இனங்கள் என்றால் இன்னும் மோசம். வானமா மரமா என்று முன்பே முடிவு செய்துகொண்டு அந்தப் பின்னணியில் வருவதை மட்டும் எடுப்பது என் வழக்கம். மற்றதை வேடிக்கை பார்க்கலாம், அதற்கும்தானே வந்திருக்கிறோம்.

பக்கத்தில் ஒருவர் பறவைகள் எழும்பட்டும் என்று பலமாகக் கை தட்டினார். இது எனக்குப் பிடிக்காத விஷயம். பெற்றோர் எழுந்தால் முட்டைகள் வெயிலில் காயும், காக்கை காத்துக்கொண்டிருக்கும். தவிர, பயந்து பறக்கும் பறவை நம்மைவிட்டு விலகித்தான் பறக்கும், வால் படம்தான் மிஞ்சும்.

எடுத்த படங்களில் வேண்டாதவற்றைக் கழிக்கும்போது நான் முதலில் பார்ப்பது கண் கூர்மையாக இருக்கிறதா என்று. அடுத்து இறக்கை. முழுக்க மேலே அல்லது முழுக்கக் கீழே இருப்பவை தங்கும். பக்கவாட்டில் நேர்கோடாக இருப்பது பெரும்பாலும் குச்சி நட்ட மாதிரி தெரிகிறது, அதை நீக்கிவிடுவேன். பறவை பார்க்கும் பக்கம் ஃப்ரேமில் இடம் விட்டிருந்தால் நல்லது. வெட்டிச் சரிசெய்ய வசதியாக எடுக்கும்போதே சுற்றிலும் கொஞ்சம் தாராளமாக விடுவதும் உதவுகிறது.

ஏரிக்கு மேல் தகைவிலான் என்ற சின்னப் பறவைகளும் பறந்தன. அவற்றுக்கு 1/3200 நொடி ஷட்டர் வேகம் கூடப் போதாமல் போகலாம், வளைந்து வளைந்து போவதில் பாதையும் பிடிபடாது. இப்போதைக்கு அவற்றின் பக்கம் லென்ஸைத் திருப்புவதாக இல்லை. அடுத்து பழக நினைப்பது ஆலா என்ற நீர்ப்பறவைகளை. மீனைப் பார்த்ததும் அந்தரத்தில் இறக்கையடித்து ஒரே இடத்தில் நிற்கும், ஃபோகஸ் பிடிக்க அந்த அவகாசம் கிடைக்கும்.