246-இல் தொடங்கி 261-இல் நிறுத்தினேன்

50 மீட்டர் தூரத்து இலக்குக்காக சைட்டை (வில்லில் குறிபார்க்கும் கருவி) இறக்கி வைத்தால் அம்பின் இறகு சைட்டின் அடியில் உரசிக்கொண்டு போனது. மூன்று அம்புகளின் இறகு கிழிந்த பிறகுதான் காரணம் புரிந்தது. என்னுடையது காம்பவுண்ட் வில்: இரு முனையிலும் கேம் என்ற சக்கரங்கள், அவற்றைப் பிணைக்கும் கேபிள்கள். அதிலிருந்து அம்பு மெதுவாகப் போகிறது. மெதுவாகப் போனால் அதிகம் தாழும். அதற்கு ஈடுகட்ட சைட்டை மேலும் கீழே தள்ள வேண்டும். இறக்க இன்னும் இடம் இல்லை.

புதுச்சேரியில் ஏர் ரைஃபிள் சுடும் நண்பர் ஒருவர் வேகம் அளக்கும் கருவியான தன் குரோனோகிராஃபைக் கொடுத்தார். பண்ருட்டி சாலையில் சித்தப்பாவின் முந்திரித் தோப்பில்தான் நான் எய்வது. பின்னால் ஆளுயரச் செம்மண் மேடு. தவறினாலும் அம்பு அதைத் தாண்டாது. முதல் நாள் வினாடிக்கு 246 அடி என்று காட்டியது, அடுத்து 311, அதற்கடுத்து 198. வில்லில்தான் ஏதோ பிசகு என்று பயந்துவிட்டேன். பிசகு நிழலில் இருந்தது. இலை இடுக்கில் விழும் புள்ளி வெயில் அந்தக் கருவியின் சென்சாரைக் குழப்பிவிடும். கத்திரி வெயில் என்றும் பார்க்காமல் வெட்டவெளிக்கு எடுத்துப் போனேன். 245, 246, 247. சரி, 246 என்று எழுதிக்கொண்டேன்.

வில் வாங்கியபோது அட்டைப்பெட்டியில் வேகம் 320 அடி என்று போட்டிருந்தது. அந்த எண் 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுப்பு நீளம், 350 கிரெயின் (சின்ன எடை அலகு) அம்பு என்ற கணக்கில் அளப்பது. என்னுடையது 55 பவுண்டு, 28 அங்குலம், 395 கிரெயின். இழுப்பில் ஓர் அங்குலம் குறைந்தாலே சுமார் 10 அடி போய்விடும். ஆக 320 எனக்கு எந்தக் காலத்திலும் கிடைக்கப் போவதில்லை. ஆனால் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் 255 பக்கம் வந்திருக்க வேண்டும்.

வில்லின் வளையும் கைதான் லிம்ப்; அதைப் பிடித்திருக்கும் லிம்ப் போல்ட்டை இறுக்கினால் வேகம் கூடும் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. லிம்பை அமுக்கிப் பிடிக்கும் போ பிரஸ் என்ற கருவி வைத்திருக்கும் பயிற்சியாளரிடம் போய், "சார், ஒரு சுற்று இறுக்கிடட்டுமா?" என்று கேட்டேன். "மொதல்ல டேப்பை எடுங்க தம்பி" என்றார்.

கேம்கள் சுழலும் மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் இடையே 32 அங்குலம் இருக்க வேண்டும்; கால் அங்குலம் அதிகம் இருந்தது. தராசில் மாட்டி இழுத்தால் 55 வரவில்லை, 53தான். போல்ட்டை யாரும் தொடவில்லை. கேபிள் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். நாணுக்கும் கேபிளுக்கும் பயன்படும் நூலில் பெரும்பகுதி பாலிஎத்திலீன் வகை. ஓயாத இழுவிசையோடு சூடும் சேர்ந்தால் மெல்ல மெல்ல நீளும். போன வருடம் மே முழுக்க வில்லை கார் டிக்கியில் போட்டு வைத்தது யார்? நானேதான். அச்சில் துருப்புள்ளி வேறு. கடலோரத்தில், தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருந்தால் இரும்புச் சாமான் எதுவும் தப்பாது.

பிரஸ்ஸில் வைத்து லிம்பைத் தளர்த்திவிட்டு, கேபிளை அரைச்சுற்று அரைச்சுற்றாக முறுக்கினோம். பிரஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. லிம்ப் தெறித்தால் முகம் போய்விடும். முழுதாக இழுத்துப் பார்த்தபோது மேல் கேம் நிறுத்தத்தில் முட்டிய பிறகுதான் கீழ்க் கேம் வந்து சேர்ந்தது. அதற்காக ஒரு கேபிளுக்கு மட்டும் இன்னொரு அரைச்சுற்று. இரண்டும் ஒன்றாக முட்டும்போது இழுப்பின் கடைசியில் இருந்த அந்தக் கொழகொழப்பு காணாமல் போனது. அச்சு தூரம் 32, இழுவிசை 55, வேகம் 250. போல்ட்டில் கை வைக்காமலே 4 அடி.

அடுத்து நாண். நாணின் நடுப்பகுதி அம்பின் வேகத்திலேயே முன்னால் பாய்கிறது; கேம் பக்கத்து முனைகள் அவ்வளவு நகர்வதில்லை. அதனால் நடுவில் தொங்கும் ஒவ்வொரு கிரெயினும் வேகத்தைத் தின்னும். சத்தம் குறைக்கும் ரப்பர் சைலன்சரையும், பீப் சைட்டின் (நாணில் கண் வைத்துப் பார்க்கும் துளை) ரப்பர் குழாயையும் கழற்றினேன்: 252. ஆனால் சத்தம்! சித்தப்பா வீட்டு நாய் இரண்டு நாள் தோப்புப் பக்கமே வரவில்லை. பிறகு வேகம் கூட்ட, கேமுக்கு அருகே நாணில் சின்னப் பித்தளை வளையங்களைக் கவ்வவிட்டேன். தவறான இடத்தில் வைத்ததில் 251 ஆகிவிட்டது. சில மில்லிமீட்டர் நகர்த்தி நகர்த்தி ஒரு மாலை முழுக்கப் போனது, கடைசியில் 255.

இதோடு விட்டிருக்கலாம். ஆசை விடவில்லை. அம்பில் கை வைத்தேன். 120 கிரெயின் முனைக்குப் பதில் 100, தண்டில் ஒன்றரை அங்குலம் வெட்டு, சின்ன இறகு. மொத்தம் 354 கிரெயின். பவுண்டுக்கு 5 கிரெயின் என்ற பாதுகாப்புக் கணக்கில் 275-க்குக் கீழே போகக் கூடாது, அதற்கு நான் நிறைய மேலேதான் இருந்தேன். குரோனோகிராஃப் 266 காட்டியது. துள்ளிக் குதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை 50 மீட்டரில் எய்து பார்த்தபோது சப்பென்று ஆகிவிட்டது. முன்பு ஆறு அம்பும் 12 சென்டிமீட்டருக்குள் நிற்கும், இப்போது 20. மதியம் கடல்காற்று வந்ததும் இன்னும் மோசம். சட்டத்தில் பழைய நாளிதழைக் கட்டி, சில அடி தூரத்திலிருந்து எய்து பார்த்தேன். முனை போட்ட ஓட்டையிலிருந்து பக்கவாட்டில் 2 சென்டிமீட்டர் கிழிசல். அம்பு நேராகப் போகாமல் வாலை ஒதுக்கிக்கொண்டு போகிறது. அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டை நகர்த்தியும் முழுதாகப் போகவில்லை. தண்டு குட்டையாகி முனையும் இலேசானால் அம்பு விறைத்துவிடும் என்பதை வெட்டுவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். வெட்டிய ஒன்றரை அங்குலம் திரும்ப வராது.

120 கிரெயின் முனையையே திரும்பப் போட்டேன். 374 கிரெயின், 261 அடி. கிழிசல் நூல் அகலத்துக்கு வந்தது, ஆறு அம்பும் பழையபடி 12 சென்டிமீட்டருக்குள் வந்தன. 246-க்கும் 261-க்கும் 50 மீட்டரில் தாழ்வு வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சாண். சைட்டில் அது வெறும் 4 மில்லிமீட்டர். சின்ன இறகும் சேர்ந்துகொண்டதால் அந்த 4 மில்லிமீட்டரே போதுமானதாகிவிட்டது, உரசல் நின்றது.

ரப்பர் சைலன்சரில் ஒன்றை மட்டும் திரும்ப மாட்டிவிட்டேன், நாய்க்காக. வில் இப்போது வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இரண்டு கேமிலும் கேபிள் நிற்கும் இடத்தில் வெள்ளை மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த கத்திரி முடிந்ததும் அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று பார்க்கணும்.