யார் பெயரில் அனுப்புவது

என் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு பழைய பத்திரத்தில் கண்டுபிடித்த குறையைப் பற்றிய அந்த மின்னஞ்சலை, அவள் பெயரில் இல்லாமல் என் பெயரில் அனுப்பியது சரிதான் என்று இன்றைக்கும் என்னால் வாதாட முடியும். வாதாடியும் இருக்கிறேன், பெரும்பாலும் என்னிடமே. ஆனால் அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்விக்கு நான் சொன்னது பதிலே இல்லை. அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கவுண்டி (நம் மாவட்டம் போல) ஒன்றின் ஃபைல் அது. வீடு கைமாறுகிறது, வாங்குபவருக்கு வங்கிக் கடன், டைட்டில் இன்ஷூரன்ஸ் பாலிசிக்காக, அதாவது சொத்துரிமையில் பின்னால் குறை தெரியவந்தால் நட்டத்தை ஏற்கும் காப்பீட்டுக்காக, பழைய பதிவுகளைத் தேடும் வேலை எங்களிடம் வந்திருந்தது. இப்போது விற்பவர் அந்த வீட்டை வாங்கியபோது எங்கள் கிளையன்டான இன்ஷூரன்ஸ் நிறுவனம் அவருக்குக் கொடுத்த பழைய பாலிசியின் நகலும் உடன் இருந்தது. பழைய பாலிசி இருந்தால் அதன் தேதியிலிருந்து தேடினால் போதும் என்பது கிளையன்ட் கொடுத்திருந்த விதி. வேலை அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டும். விற்பவர் வாங்கிய பத்திரத்தைத் திறந்து, பெயரையும் நில விவரத்தையும் எடுத்துக்கொண்டு மூடுவதுதான் எல்லோருடைய பழக்கமும். அவள் அதைக் கடைசி வரி வரை படித்திருந்தாள்.

திரையை என் பக்கம் திருப்பி விரலை வைத்துக் காட்டினாள். முதல் வரியில் அன்று விற்றவரின் பெயர், அதையடுத்து ‘திருமணமானவர்’ என்ற சொல். கீழே, ‘இன்னார், விற்பவரின் மனைவி, தன் டவர் உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கிறார்’ என்று படிவத்திலேயே அச்சிட்ட வரி. பெயர் எழுத வேண்டிய இடம் காலி. கையெழுத்து ஒன்றே ஒன்று, கணவருடையது. அவள் அதோடு நிற்கவில்லை. விதியைத் தாண்டி ஓர் ஆவணம் பின்னால் போயிருந்தாள். அதே வீட்டின் பேரில் அவர் முன்பு வாங்கிய கடனின் அடமானப் பத்திரத்தில் மனைவி முழுப் பெயரோடு கையெழுத்திட்டிருந்தார். அடமானத்தில் இருந்த பெண் விற்பனையில் இல்லை.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இதன் கனம் தெரியும். ஒஹையோவில் திருமண காலத்தில் ஒருவர் பெயரில் இருந்த வீடு நிலத்தில், மூன்றில் ஒரு பங்கின் மீது அவருடைய துணைக்கு ஆயுள் உரிமை உண்டு. அதுதான் டவர். பத்திரத்தில் துணையின் பெயர் இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடாமல் விற்றுவிட்டு அந்தக் கணவர் இறந்துபோனால், உயிரோடு இருக்கும் மனைவி அந்த உரிமையோடு வந்து நிற்க முடியும். பக்கத்து மாநிலமான மிச்சிகன் 2017இல் இந்த உரிமையை எடுத்துவிட்டது. ஒஹையோ வைத்திருக்கிறது. விவாகரத்து ஆகியிருந்தாலோ மனைவி முன்பே இறந்திருந்தாலோ பிரச்சினை இல்லை. ஆனால் அதற்கு ஏதாவது ஓர் ஆவணம் வேண்டும்.

“இது எப்படி உன் கண்ணில் பட்டது?” என்று கேட்டேன். பயிற்சி முடிந்து சில மாதங்களே ஆன பெண். “தாத்தா போன பிறகு எங்கள் நிலத்தை விற்றபோது, அத்தை வந்து கையெழுத்திடும்வரை வாங்குகிறவர் பணத்தைக் கண்ணில் காட்டவில்லை, அக்கா. அதிலிருந்து பத்திரம் என்றால் முதலில் யார் கையெழுத்து இல்லை என்றுதான் பார்ப்பேன்” என்றாள். நம் ஊரில் மகள்களுக்கும் குடும்பச் சொத்தில் பங்கு தந்த 1989 திருத்தச் சட்டம் வந்த பிறகு மகள்களின் விடுதலைப் பத்திரத்துக்காக எத்தனை குடும்பங்கள் அலைந்தன என்பது எனக்கும் தெரியும். நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது கவுண்டி இணையதளத்தில் எப்படித் தேடுவது என்பதைத்தான். பார்க்கும் கண் அவள் வீட்டிலிருந்து வந்தது. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி அனுப்புவது. இதைக் கிளையன்ட் தரப்பு வக்கீலுக்கு எழுதுவது என்றால் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்வதாகும். ஒன்று, நீங்கள் ஏற்கெனவே கொடுத்த பாலிசியில் ஒரு விடுபடல் இருக்கிறது. இரண்டு, நீங்கள் கொடுத்த விதியை நாங்கள் மீறிப் பார்த்தோம். முதல் செய்தியை யாரும் விரும்ப மாட்டார்கள், இரண்டாவதைப் பிடித்துக்கொள்வார்கள். அப்படி ஒரு புதிய பையனைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அவன் எழுப்பிய கேள்வி கடைசியில் தேவையற்றது என்று ஆனது. ஆண்டு மதிப்பீடு வரை அது அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்தது. அதனால் அவளிடம், “இதை நான் அனுப்புகிறேன்” என்றேன். அவள் எழுதியதை எடுத்து, இரண்டு வாக்கியங்களை மாற்றி, என் பெயரைப் போட்டு அனுப்பினேன். விதியைத் தாண்டியது என் முடிவு என்றே எழுதினேன்.

பதில் மறுநாள் வந்தது. அவள் சொன்னது சரி. அந்த மனைவி கையெழுத்திட வேண்டும், அல்லது அவருக்கு இப்போது உரிமை இல்லை என்பதற்கு ஆவணம் வேண்டும், அதுவரை பாலிசி இல்லை என்று நிபந்தனையில் சேர்த்துவிட்டார்கள். மாதாந்திர அழைப்பில் என்னைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்கள். நான் உடனே அவள் பெயரைச் சொன்னேன், கண்டுபிடித்தது அவள்தான் என்றேன். நல்லது, மகிழ்ச்சி என்றார்கள். அழைப்பு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. எழுத்தில் இருந்தது என் பெயர். மேலாளரின் பாராட்டுப் பட்டியலிலும் என் பெயர்தான் ஏறியது.

அன்று ஷிஃப்ட் முடிந்து வண்டிக்குக் காத்திருந்தபோது அவள் கேட்டாள்:

“அக்கா, இது தப்பாகப் போயிருந்தால் யார் பெயர் அடிபட்டிருக்கும்?”

“என் பெயர்தான்.”

“சரியாகப் போனாலும் உங்கள் பெயர்தானே.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் சொன்னது இவ்வளவுதான்: “எனக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.”

சொல்லிக்கொடுத்தவர் எங்கள் மேடம். இந்தத் தொழிலில் நான் நிற்பதே அவரால்தான். பயிற்சி வகுப்பில் அவர் முதலில் சொல்வது 1868ஆம் ஆண்டு பென்சில்வேனியா வழக்கைத்தான். நிலம் வாங்கிக்கொடுத்த பத்திரக்காரர் ஒரு கடன் தீர்ப்பைப் பார்த்தார், வக்கீலைக் கேட்டார், வக்கீல் அது நிலத்தைப் பாதிக்காது என்றார், வாங்கியவரிடம் பட்டா சுத்தம் என்று சொல்லிவிட்டார். சுத்தமில்லை. வாங்கியவர் பணத்தை இழந்தார். பத்திரக்காரர் கவனக்குறைவாக இல்லை, ஆகவே பொறுப்பில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாரும் தப்பு செய்யவில்லை, ஆனாலும் ஒருவர் நட்டப்பட்டார். அந்த நட்டத்தை யார் ஏற்பது என்ற கேள்வியிலிருந்துதான் 1876இல் பிலடெல்பியாவில் முதல் டைட்டில் இன்ஷூரன்ஸ் நிறுவனம் பிறந்தது. “பொறுப்பை ஏற்க வலு உள்ளவர் பெயர்தான் காகிதத்தில் இருக்க வேண்டும், இந்தத் தொழிலே அதுதான்” என்பார் மேடம். 1907இல் இத்துறைக்குச் சங்கம் அமைத்தபோது அதன் பெயரிலேயே ‘டைட்டில் மென்’ என்று ஆண்களைத்தான் வைத்தார்கள். அப்படிப்பட்ட துறையில், இரவு ஷிஃப்டில், புதிதாக வந்த பெண்களைத் தன் பெயருக்குப் பின்னால் நிறுத்திப் பாதுகாத்தார். எனக்கு வர வேண்டிய வசவுகளை அவர் வாங்கினார். நான் கண்டுபிடித்தவையும் அவர் பெயரில்தான் போயின. எனக்கு அப்போது அது குறையாகத் தோன்றவே இல்லை, நன்றிதான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஆனால் அவள் கேட்ட பிறகு வேறொன்றையும் யோசிக்க வேண்டியதாயிற்று. என் பதவி உயர்வின்போது மேலே இருந்த யாருக்கும் என்னைத் தெரியாது. மேடம் நேரில் போய் எனக்காகப் பேசினார், கிடைத்தது. அவர் பேசாமல் இருந்திருந்தால்? அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தால்? என்னுடைய உழைப்பு முழுவதும் இன்னொருவரின் நல்ல மனத்தில் பத்திரமாக இருந்தது, பதிவாகாமல். பதிவு செய்யாத பத்திரத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள் என்று ஊருக்கே சொல்லும் வேலையில் இருந்துகொண்டு இதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

உடனே மறுபக்கமும் எழுகிறது. அவள் சரியாகச் சொன்னதால்தான் இந்தக் கேள்வியே வந்தது. அந்த மனைவி இறந்துவிட்டார் என்று ஏதாவது ஒரு மூலையில் ஓர் ஆவணம் இருந்திருந்தால், விதியை மீறியவள் என்ற பெயர் அவளுக்கு மிஞ்சியிருக்கும். எனக்கு ஒரு தவற்றைத் தாங்கும் வயதும் அனுபவமும் இருக்கின்றன, அவளுக்கு இல்லை. முடிவு தெரிந்த பிறகு யார் வேண்டுமானாலும் துணிச்சலைப் பற்றிப் பேசலாம். அனுப்பிய அந்த நிமிடத்தில் யாருக்கும் முடிவு தெரியாது.

ஆனாலும் நான் அவளைக் கேட்கவில்லை. ‘உன் பெயரில் அனுப்பட்டுமா, என் பெயரிலா, இதில் இன்ன ஆபத்து இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோ என்றுதான் மனம் திரும்பத் திரும்பப் போகிறது. அந்தக் கணவரும் மனைவிக்கு நல்லதென்று எண்ணியே தனியாகக் கையெழுத்திட்டிருக்கக்கூடும் என்று ஒருநாள் தோன்றியது. அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்றும் நம்புகிறேன்.

அவள் வேறு நிறுவனத்துக்குப் போனபோது பரிந்துரைக் கடிதம் கேட்டாள். ஒஹையோ ஃபைலை அதில் விவரமாக எழுதினேன், கண்டுபிடித்தது இவளே என்று. படித்துவிட்டு, “நன்றி அக்கா” என்றாள். மனதாரச் சொன்னாள் என்றே நினைக்கிறேன்.

அதன் பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன்: இனி யார் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களே அனுப்பட்டும், நான் நகலில் இருக்கிறேன். சென்ற மாதம் அதற்கு வேளை வந்தது. இப்போது என் குழுவில் இருக்கும் புதிய பெண், முடித்துவைக்கப்படாத ஒரு பழைய அடமானத்தைக் கண்டுபிடித்தாள். இதையும் முன்பே ஒருவர் கவனிக்காமல் விட்டிருந்தார். ஆபத்தையும் பலனையும் எடுத்துச் சொல்லி, “உன் பெயரில் அனுப்பு, நான் உடன் நிற்கிறேன்” என்றேன். அவள் தட்டச்சு செய்தாள், அழித்தாள், மறுபடியும் செய்தாள். கடைசியில் என் மேசைக்கு வந்து, “வேண்டாம் அக்கா, நீங்களே உங்கள் பெயரில் அனுப்பிவிடுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது” என்றாள்.

அனுப்பினேன். முதல் வரியில் அவள் பெயரைச் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். அதுவும் வேண்டாம் என்றாள். நான் சேர்த்துவிட்டேன்.