நெல்லை வெயிலில் இ20: ட்யூன் செய்த டர்போ காரை ஆண்டு முழுக்க ஓட்டுவது

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பாதி, பனி பெய்கிற ஊர்க்காரர்கள் எழுதியது. அவர்களுக்குக் கவலை விடியற்காலை ஸ்டார்ட்டிங். பாளையங்கோட்டையில் மார்கழி விடியலில்கூட இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) போட்ட வண்டிக்கு அந்தத் தொல்லை கிடையாது. நமக்கு உள்ள தொல்லைகள் வேறு. பங்குனியில் தொடங்கி மாதக்கணக்கில் அடிக்கிற வெயில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்ரோலோடு சேருகிற தண்ணீர் இன்னொன்று. மூன்றாவதுக்கும் வானத்துக்கும் சம்பந்தமில்லை: வண்டியின் ட்யூன் (திறனைக் கூட்ட இஞ்சின் கம்ப்யூட்டரில் மாற்றி எழுதிய அமைப்பு) எந்தப் பெட்ரோலை வைத்து எழுதப்பட்டது என்பது. இஞ்சினைக் காவு வாங்கக்கூடியது இந்த மூன்றாவதுதான். அதனால் அதையே முதலில் பார்ப்போம்.

கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்திருப்பதால் அதற்கு 9 கிலோ போதும். இ10க்கு இந்தக் கணக்கு சுமார் 14.1, இ20க்கு சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு, கலப்பில்லாத பெட்ரோலைவிட இ20ஐ, கன அளவில், 7 முதல் 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். இ10லிருந்து மாறினால் 4 சதவீதம் கூடுதல். மைலேஜ் குறைவதற்கும் இதுதான் காரணம். இ10க்கு அமைத்த நான்கு சக்கர வண்டியில் இ20 போட்டால் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது.

ஸ்டாக் வண்டியில் இந்தக் கூடுதல் பெட்ரோலை ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இசியு (இஞ்சின் கம்ப்யூட்டர்) தானே சேர்த்துக்கொள்ளும். ட்யூன் செய்த வண்டியிலும் சேர்க்கும். ஆனால் அங்கே பூஸ்ட் (டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தம்) கூடியிருக்கிறது, இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்ப்பும் ஏற்கெனவே எல்லைக்குப் பக்கத்தில் உழைக்கின்றன. மிச்சமிருக்கிற கொஞ்ச இடத்தை எத்தனால் எடுத்துக்கொள்கிறது.

இதில் திசை முக்கியம். இ20ஐ வைத்து எழுதிய ட்யூனில் ஒரு நாள் கலப்பில்லாத பெட்ரோல் விழுந்தால், வண்டி கொஞ்சம் ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) ஓடும், இசியு குறைத்துக்கொள்ளும். ஆக்டேன் (நாக்கிங், அதாவது தாறுமாறாக வெடித்து எரிவதை, தாங்கும் திறன்) குறையாத பெட்ரோலாக இருந்தால் கெடுதல் இல்லை. தலைகீழாக நடந்தால்தான் ஆபத்து. எத்தனால் இல்லாத 100 ஆக்டேன் பெட்ரோலில் எழுதிய ட்யூனோடு சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்து, கங்கைகொண்டானைத் தாண்டியதும் சாதாரண இ20 நிரப்பினால் இரண்டு அடி ஒரே நேரத்தில் விழும்: கலவை லீனாக (பெட்ரோல் குறைவாக) போகும், ஆக்டேனும் இறங்கும். இ20க்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரம் கேட்பது குறைந்தபட்சம் 95 ஆக்டேன். 100க்கு எழுதிய இக்னிஷன் டைமிங்கை அது தாங்காது.

ஆகவே ட்யூனரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை குதிரைத்திறன் என்பதல்ல. எந்தப் பெட்ரோலில் லாக் (ஓட்டும்போது எடுக்கிற சென்சார் பதிவு) எடுத்தீர்கள் என்பது. நம் பக்கம் ஓடப் போகிற வண்டிக்கு, நம் பங்க்கில் வழக்கமாகப் போடுகிற இ20ஐ ஊற்றியே எழுதச் சொல்லுங்கள். மேப்பையும் (ட்யூன் அட்டவணை) லாக்கையும் லாம்டா (முழுதாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்ட விகிதம்) கணக்கில் பேசச் சொல்லுங்கள். சாதாரண ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) மீட்டர் எந்தப் பெட்ரோல் ஓடினாலும் 14.7 என்ற அளவுகோலிலேயே காட்டும்; இ20ல் அந்த எண்ணை நம்பினால் குழப்பம்தான் மிஞ்சும். லாம்டா 1 என்றால் எல்லா எரிபொருளுக்கும் 1தான். முழு ஆக்சிலரேட்டரில் 0.80க்கும் 0.85க்கும் நடுவே நின்றால் நிம்மதி.

பிக்கிபேக் பாக்ஸ் மாட்டிய வண்டிகளுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. பூஸ்ட் சென்சாரை ஏமாற்றிக் காற்றைக் கூட்டுவதுதான் பெரும்பாலான பாக்ஸ்களின் வேலை. அந்தக் கூடுதல் காற்றுக்கான பெட்ரோலை இசியு ட்ரிம் (சென்சாரைப் பார்த்துச் செய்கிற சதவீதத் திருத்தம்) வழியாகத்தான் தேடிச் சேர்க்கிறது. அதே ட்ரிம்மில் இ20உம் பங்கு கேட்கிறது. இவற்றுக்கு ஆண்டு முழுக்க இ20 ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இசியுவிலேயே முறையாக எழுதிய ட்யூன் வேண்டும், இல்லையென்றால் ஸ்டாக்காக ஓட்டலாம்.

லாக் எடுப்பது கடினமில்லை. ஓபிடி (வண்டியின் சோதனை சாக்கெட்) புளூடூத் அடாப்டரும் ஃபோனும் போதும். இஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்தபின், ஐடிலிலும், நாங்குநேரி பக்கம் நான்குவழிச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போதும் லாங் டர்ம் ட்ரிம்மைப் பாருங்கள். இ10ல் எழுதிய ட்யூனுக்கு இ20 விழுந்தால் 4 பக்கம் ஏறும். கலப்பில்லாததில் எழுதியிருந்தால் 8 பக்கம். அதற்கு மேல் போனால் பழியை எத்தனால் மீது போடாதீர்கள். இன்டேக் ஹோஸ் கசிவு, அழுக்கான காற்றளவு சென்சார், தளர்ந்த பம்ப் என்று வேறு ஏதோ கூடச் சேர்ந்திருக்கிறது. பல வண்டிகளில் 25ஐத் தொடும்போது இசியுவில் லீன் என்ற பிழைக் குறியீடு விழும். ட்யூன் வண்டியில் 12ஐத் தாண்டினாலே முழு ஆக்சிலரேட்டரை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுவது என் கணக்கு. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் பீய்ச்சுகிற) இஞ்சின் என்றால் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தருகிற குழாய்) அழுத்தத்தையும் சேர்த்து லாக் எடுக்க வேண்டும். இசியு 200 பார் கேட்டு 170தான் கிடைக்கிறது என்றால் ஹை பிரஷர் பம்ப் முட்டிவிட்டது; பூஸ்ட்டைக் குறைப்பதே வழி.

பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ பிழைக் குறியீட்டை அழித்தாலோ கற்றுவைத்த ட்ரிம் பூஜ்யமாகிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. அதன்பின் முதல் 30, 40 கிலோமீட்டர் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும்.

சரி, டேங்க்கில் இருப்பது உண்மையில் இ20தானா? பள்ளிக்கூட லேப் சாமான் விற்கிற கடையில் 100 மி.லி. அளவு ஜாடி ஒன்று மூடியோடு வாங்குங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், கண்ணாடி. திறந்த வெளியில், நெருப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில் வையுங்கள். 20 கோடு வரை தண்ணீர், அதில் ஒரு சொட்டு மை. மேலே பெட்ரோலை மெதுவாக 70 கோடு வரை ஊற்றுங்கள், அதாவது 50 மி.லி. மூடி, இரண்டு நிமிடம் குலுக்கி, நடுவில் மூடியை லேசாகத் திறந்து ஆவியை விட்டு, பத்து நிமிடம் அசையாமல் நிறுத்துங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிடும். மை கலந்த அடுக்கு 20லிருந்து மேலேறி நிற்கும். எத்தனை மி.லி. ஏறியதோ அதை இரண்டால் பெருக்கினால் எத்தனால் சதவீதம். சரியான இ20 என்றாலும் அடுக்கு 30ஐத் தொடாது, 29க்கும் 29.5க்கும் நடுவே நிற்கும். தண்ணீரும் ஆல்கஹாலும் சேரும்போது கன அளவு சற்றுச் சுருங்குவதே காரணம். பங்க் ஏமாற்றிவிட்டது என்று சண்டைக்குப் போக வேண்டாம். 25ஐ ஒட்டி நின்றால் அது இ10. சோதித்த பெட்ரோல் டேங்க்குக்குள் திரும்பப் போகக்கூடாது.

மாதம் ஒருமுறை இதைச் செய்து, ஒரே பங்க்கில் நிரப்பிக்கொண்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இனி மழைக்காலம். மூடிய டேங்க்கில் காற்றின் ஈரம் புகுந்து பெட்ரோலைக் கெடுத்துவிடும் என்ற பயம் மிகைதான். இன்றைய கார் டேங்க் அவ்வளவு திறந்து கிடக்கவில்லை. உண்மையான வழிகள் இரண்டு. ஒன்று, பங்க்கின் நிலத்தடி டேங்க். மூடி ரப்பர் தளர்ந்த இடத்தில், தாழ்வான பங்க்கில், மழைநீர் இறங்கும். 2023 டிசம்பர் 17, 18ல் பெய்ததைப் போன்ற மழைக்குப்பின், தண்ணீர் தேங்கிய பங்க்கில் உடனே போய் நிரப்பாதீர்கள். இரண்டாவது, நம் வண்டியிலேயே பெட்ரோல் மூடியைச் சுற்றியுள்ள குழி. அதன் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் ஓடுகிற வண்டிகளில் ஆடிக்காற்றில் பறக்கிற தேரி மணல் அதை அடைத்துவிடும். அப்புறம் ஐப்பசி மழையில் குழி நிறைந்து நிற்க, மூடியைத் திறந்ததும் அந்தத் தண்ணீர் உள்ளே போகும். புரட்டாசியிலேயே ஒரு மெல்லிய ஒயரை விட்டு அந்த ஓட்டையைச் சுத்தம் செய்வது ஐந்து நிமிட வேலை.

கொஞ்சம் தண்ணீரை எத்தனால் கரைத்து வைத்துக்கொள்ளும். இ10, 15 டிகிரியில், சுமார் அரை சதவீதத் தண்ணீர் வரை தாங்கும்; இ20 அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். எல்லை தாண்டினால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு தண்ணீர் அடியில் உட்கார்ந்துவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான், அதனால் முதலில் மிஸ்ஃபயர். மேலே மிஞ்சுகிற பெட்ரோலோ எத்தனாலை இழந்ததால் ஆக்டேன் குறைந்தது. ட்யூன் வண்டியில் அது நேராக நாக்கிங்கில் கொண்டுபோய் விடும். சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். கலங்கலோ அடியில் தனி அடுக்கோ தெரிந்தால் டேங்க்கை இறக்க வேண்டியதுதான். மேலே நல்ல பெட்ரோலை ஊற்றிச் சமாளிக்கிற வேலை வேண்டாம்.

வெயிலைப் பொறுத்தவரை எத்தனால் நமக்கு நண்பன். ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சுவதால், டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இஞ்சினில் சிலிண்டருக்குள்ளேயே காற்று குளிரும். ஆனாலும் சித்திரையில் வண்ணாரப்பேட்டை நெரிசலில் பத்து நிமிடம் ஊர்ந்தால் இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) சூடேறிப்போகும். பாலம் தாண்டியதும் ஆக்சிலரேட்டரை அழுத்தாமல், இன்டேக் வெப்பம் இறங்க இரண்டு மூன்று கிலோமீட்டர் விட வேண்டும். டேங்க்கில் கால் பங்குக்குக் கீழே இறங்கவும் விடாதீர்கள்; பம்ப் குளிர்வது அதைச் சுற்றியுள்ள பெட்ரோலால்தான்.

எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கும், ஆனால் சூடான பரப்பு ஒன்று கிடைத்தால் ஸ்பார்க்குக்கு முன்பே பற்றிக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. அதனால் ட்யூன் வண்டிக்கு ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக், இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. ஆனி, ஆடியில் பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் போகும்போது எதிர்காற்று வண்டியை அழுத்திப் பிடிக்கும். அங்கே டாப் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் முழுதாக அழுத்துவது பிஸ்டனுக்குச் செய்கிற துரோகம். கியரை இறக்கி 2,500க்கு மேல் கொண்டுவந்து அழுத்துங்கள். ஆயில் ஏபிஐ எஸ்பி தரமாக இருக்கட்டும். அந்தத் தரத்தில் குறைந்த வேக முன்பற்றலுக்கென்றே சோதனை உண்டு. டவுனுக்குள் குறுந்தூரமே ஓடுகிற வண்டியில் பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் இறங்கும், 7,500 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள்.

2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் ரப்பரைப் பாருங்கள். லோ பிரஷர் ஹோஸ் ஊதியிருந்தாலோ விரலால் அழுத்தும்போது மெத்தென்று இருந்தாலோ மாற்ற வேண்டும். புது ஹோஸில் ஜே30ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும். பழைய டேங்க்கின் படிவுகளை எத்தனால் கரைத்துக் கொண்டுவருவதால், முதல் இரண்டு மூன்று டேங்க்குக்குப்பின் ஃபில்டரையும் மாற்றிவிடுவது நல்லது.

இ20க்கு மேலே போக ஆசைப்பட்டு இண்டஸ்ட்ரியல் ஸ்பிரிட் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெக்டிஃபைடு ஸ்பிரிட்டில் 5 சதவீதம் தண்ணீரே இருக்கிறது. அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதும் நம் மாநிலத்தில் குற்றம். பெட்ரோலில் கலப்பது நீர் நீக்கிய எத்தனால், இரண்டும் ஒன்றல்ல.

செலவழிக்க மனமிருந்தால் எத்தனால் சென்சார் ஒன்று மாட்டிவிடுங்கள். ஹை பிரஷர் பம்ப்புக்கு முந்தைய லைனில்தான் அது வர வேண்டும். பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, இஞ்சின் தானே அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கியபின் லைனைக் கழற்றுங்கள். மூன்று ஒயர்: 12 வோல்ட், எர்த், சிக்னல். சிக்னலுக்கு 5 வோல்ட் புல்-அப் ரெசிஸ்டர் வேண்டும். அதை மறந்தால் எதுவும் காட்டாது. பரவலாகக் கிடைக்கிற வகை 50 ஹெர்ட்ஸில் பூஜ்யம், 150ல் 100 சதவீதம். இ20 என்றால் 70 காட்ட வேண்டும். மழை நாளில் நிரப்பிவிட்டுக் கிளம்பியதும் அது 180 பக்கம் தாவினால் லைனில் தண்ணீரோ வேறு கலப்படமோ ஓடுகிறது. ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.