சைக்கிள் காளைக்கு ஒரு பச்சைத் தோல்

அப்பா ஓட்டிய சைக்கிள், மதுரையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் துருவேறிக் கிடந்தது. பழைய இரும்புக் கடைக்குப் போட மனம் வராமல் பல ஆண்டுகள் தள்ளிப்போட்ட நான், இவ்வாண்டு மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு அதைப் பிரித்தேன். ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் மட்டும் இணைத்து பிக்காசோ 1942-இல் செய்த காளைத் தலையின் படத்தைப் பார்த்த நாளிலிருந்தே, அப்படியொரு தலைக்கு உடலும், அந்த உடலுக்கு உயிருள்ள தோலும் அமைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது.

எலும்புக்கூடு எளிதாகவே அமைந்தது. ஃபிரேம் முதுகெலும்பாயிற்று, இரண்டு ரிம்களும் விலா ஆயின, உடைந்த இரும்புக் கட்டிலின் கால்கள் காளையின் கால்களாயின. தெருமுனைப் பட்டறையில் பற்றவைத்து வாங்கி, கோழி வலையைச் சுற்றி, உட்புறம் சாக்கு விரித்து, தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து வயிறு முட்டத் திணித்தேன். உடல் முழுவதும் டேபிள் ரோஸ் தண்டுகளைச் செருகிவிட்டு, இரண்டு மாதத்தில் காளை பூத்துவிடும் என்று நம்பினேன்.

மூன்றே வாரத்தில் முதுகுச் செடிகள் காய்ந்தன, வயிற்றுச் செடிகள் அழுகின. ஊற்றிய நீரெல்லாம் கீழே இறங்கித் தேங்க, மேல் பகுதி நண்பகலுக்குள் உலர்ந்து போனதே காரணம். நீரைக் குடித்த நார்க்கழிவின் பாரம் தாங்காமல் முன்னங்கால் ஒன்று வளையவும் தொடங்கியது. உயிரோடு இருந்த இலைகளின் நுனியும் கருகியிருந்தது. நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு உண்டு. நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து வடித்த பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். நான் ஒரு முறைகூட அலசாமல், உப்புச் சுவையுள்ள எங்கள் ஆழ்குழாய் நீரையும் அதன்மேல் ஊற்றியிருந்தேன்.

எல்லாவற்றையும் பிரித்து, இம்முறை நீரின் வழியை முதலில் தீர்மானித்தேன். வயிற்றுக்குள் இரண்டு பழைய தண்ணீர் கேன்களை வைத்து, அவற்றைச் சுற்றித் தெர்மாகோல் துண்டுகளைக் கட்டி, கலவைக்கு நான்கு விரற்கடை கனம் மட்டும் விட்டேன். பாரம் பாதிக்கு மேல் குறைந்தது. முதுகின் நெடுகே முக்கால் அங்குல பி.வி.சி. குழாயைப் பதித்து, அதன் அடிப்புறத்தில் 2 மில்லிமீட்டர் துளைகள் இட்டு, மண் அடைக்காதிருக்கப் பழைய வேட்டித் துணியைச் சுற்றினேன். கழுத்துப் பக்கத்திலிருந்து நீர் ஊற்றியபோது அருகிலிருந்த துளைகளே பெரும்பகுதியைக் குடித்துவிட, வால் பக்கம் நனையவே இல்லை. கழுத்தருகே ஒரு சாணுக்கு ஒரு துளையும் வாலருகே நான்கு விரற்கடைக்கு ஒரு துளையுமாக மாற்றிய பிறகே ஈரம் சமமாயிற்று. இந்த ஒரு வேலைக்கு மட்டும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின, அவை வீணாகவில்லை.

வெயில் விழும் முதுகில் டேபிள் ரோஸும், நிழலும் ஈரமும் தங்கும் அடிவயிற்றில் மணி பிளான்ட்டும், கால்களில் பிரண்டையும் வைத்தேன். பிரண்டைத் தண்டைக் கணுவுக்குக் கணு நறுக்கி, வெட்டுவாய் உலர மூன்று நாள் நிழலில் போட்டு நட்டேன். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டும் அரிப்பு அடங்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. திமிலில் மட்டும் எதுவும் நிலைக்கவில்லை. அங்கே நீர் ஒருபோதும் தங்குவதில்லை. சண்டிகரில், கழிவுப் பொருட்களால் சிற்பங்கள் செய்த நேக் சந்த் 1957 வாக்கில் ரகசியமாகத் தொடங்கி, 1976-இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட கற்பூங்காவில், உடைந்த வளையல்களே பல உருவங்களுக்கு ஆடையாகியிருக்கின்றன. அந்த நினைவில், வீட்டிலிருந்த உடைந்த வளையல்களைச் சிமென்ட்டில் பதித்துத் திமிலை முடித்தேன். செடி வளராத இடத்தைச் செடிக்காக வற்புறுத்தாமல் விட்டது சரியென்றே இப்போதும் கருதுகிறேன்.

கால்வழியே ஏறிய பிரண்டை, நான் திட்டமிடாமலே கழுத்தைத் தாண்டி, பற்றுக்கம்பிகளால் ஹேண்டில்பாரைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. நான்கு பட்டைகளுடன் விரல் தடிமனில் இருக்கும் அதைப் பார்த்த அத்தை, "இம்புட்டு கொழுத்த பிரண்டைய சும்மா விட்டு வச்சிருக்கியேப்பா, ஒரு துவையலுக்கு ஆகுமே" என்று கையை நீட்டினார். "வேணாம் அத்தை, பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம்" என்று தடுத்தேன். உண்ணும் கீரை எதையும் இதில் நடாததற்கும் அதுவே காரணம். அத்தைக்கு வேலியோரப் பிரண்டையைப் பறித்துக் கொடுத்தேன்.

அப்பாவின் சைக்கிள் மணியைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் அடிவயிற்றில் வடிகால் துளைகளைப் பெரிதாக்கி, வளைந்த முன்னங்காலுக்கு ஒரு முட்டுக் கம்பியைப் பற்றவைக்க வேண்டும்.