ஆல்பம் அட்டையைப் பகுத்தாய்வது: 'அலாடின் சேன்' வைத்துத் தயாரான அனுபவம்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) தேர்வில் "ஒரு பாப் பாடகரின் ஆல்பம் அட்டையை எடுத்துக்கொண்டு அதன் காட்சி வடிவமைப்பைப் பகுத்தாய்க" என்று கேள்வி வந்தால், பலரும் சிவப்பு என்றால் ஆவேசம், நீலம் என்றால் சோகம் என்று தொடங்கிவிடுகிறார்கள். அந்த வரியை எந்த அட்டைக்கு வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம் என்பது திருத்துபவருக்கு நன்றாகவே தெரியும். எதிரில் இருக்கிற இந்த ஒரு படத்தைப் பற்றி மட்டுமே சொல்லக்கூடியது என்ன என்று தேடினால்தான் மதிப்பெண்.

நான் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது 1973 ஏப்ரலில் வெளியான, பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியின் 'அலாடின் சேன்' ஆல்பத்தின் அட்டை. முகத்தில் மின்னல் வரைந்த அந்தப் படத்தை, போவியின் ஒரு பாட்டைக்கூடக் கேட்காதவர்களும் டீ-ஷர்ட்டில் பார்த்திருப்பார்கள். அவ்வளவு பழகிய படம் என்பதாலேயே, பார்க்காமல் எழுதிவிடும் ஆபத்தும் இதில் அதிகம்.

முதலில் கண்ணில் படுவதை மட்டும், அர்த்தம் எதுவும் சொல்லாமல் எழுதிப் பாருங்கள். வெள்ளைப் பின்னணி. தோளுக்குக் கீழே உடல் இல்லை, துணியும் இல்லை. செம்பட்டையாகச் சாயமேற்றிய முடி, வெளிறிய தோல். நெற்றியிலிருந்து இறங்கி போவியின் வலது கண்ணைக் கடந்து கன்னத்துக்கு வரும் சிவப்பும் நீலமுமான மின்னல். காறை எலும்பின் குழிவில் பாதரசம் மாதிரி தேங்கி நிற்கும் ஒரு துளி. பெயரும் தலைப்பும் மேல் விளிம்போடு ஒதுங்கிவிடுகின்றன. அப்புறம், கண்கள் மூடியிருக்கின்றன.

இந்தப் பட்டியலை எழுதும்போதே வழக்கமான ஒரு விளக்கம் ஆட்டம் காண்கிறது. மின்னல் முகத்தை இரண்டாகப் பிளக்கிறது, ஆகவே பிளவுண்ட மனம் என்று நிறைய பேர் எழுதுவார்கள். படத்தைப் பாருங்கள்: அது நடுவில் ஓடவே இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு கண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மறு பாதி முகம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கிறது. பிளவு என்று எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுதினால், இந்தச் சமனின்மையையும் சேர்த்து எழுதுங்கள்.

எனக்கு அதிகம் எழுதக் கிடைத்தது அந்த மூடிய கண்களில்தான். பாப் பாடகரின் அட்டை என்றால் வாங்க வருகிறவரைப் பாடகர் பார்ப்பது வழக்கம். இங்கே நாம்தான் அவரைப் பார்க்கிறோம், அவர் நம்மைப் பார்க்கவில்லை. முகம் ஒரு முகமூடி போலவோ சிலை போலவோ ஆகிவிடுகிறது. இதைச் சோதிக்க ஒரு வழியும் உண்டு. அதே படப்பிடிப்பில் கண் திறந்த படமும் எடுக்கப்பட்டிருக்கிறது. 2013இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் நடத்திய போவி கண்காட்சியின் விளம்பரத்தில் அதைத்தான் போட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண் திறந்ததில் அலங்காரம் செய்துகொண்ட ஒரு மனிதர் தெரிகிறார். மூடியதில் மனிதர் பின்னால் போய் மின்னல் முன்னால் வருகிறது.

அடுத்து, அதே பாடகரின் முந்தைய அட்டையோடு ஒப்பிடுங்கள். 1972இல் வந்த ஸிகி ஸ்டார்டஸ்ட் ஆல்பத்தில் லண்டனின் ஹெடன் தெருவில், இரவில், கடைப் பலகைக்குக் கீழே போவி சின்ன உருவமாக நிற்கிறார். கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பிறகு வண்ணம் தீட்டியது அது. அடுத்த வருடமே தெருவும் இல்லை, இடமும் இல்லை, முகம் மட்டும். நட்சத்திரமாகிவிட்டவருக்கு இனி பின்னணி தேவையில்லை என்று நான் வாதிட்டேன். நீங்கள் வேறு மாதிரி வாதிடலாம்.

தயாரிப்புத் தகவல்களை அளவோடு பயன்படுத்துங்கள். படம் எடுத்தவர் பிரையன் டஃபி, ஒப்பனை பியர் லாரோஷ், அந்தத் துளியை ஏர்பிரஷ்ஷில் (வண்ணம் தெளிக்கும் கருவியில்) சேர்த்தவர் ஃபிலிப் காஸல். மின்னலின் சிவப்பு லிப்ஸ்டிக்கால் நிரப்பப்பட்டது என்பார்கள். இதைத் தாராளமாக எழுதலாம், அந்தப் பளபளப்பு படத்திலேயே தெரிகிறது. வழக்கமான 4 நிறத்துக்குப் பதிலாக 7 நிறத்தில் அச்சிட்டதும் அப்படித்தான், தோலின் நுண்ணிய சாயல்களைப் பற்றிப் பேசும்போது கைகொடுக்கும். செலவு ஏறினால்தான் இசைத்தட்டு நிறுவனமான ஆர்சிஏ ஆல்பத்தை மும்முரமாக விற்கும் என்று போவியின் மேலாளர் டோனி டிஃப்ரீஸ் கணக்குப் போட்டதாக ஒரு கதை உண்டு. அட்டையை ஒரு வணிகப் பொருளாகப் பார்க்கச் சொல்லும் கேள்வியென்றால் அதைச் சேர்க்கலாம்.

மின்னலின் வடிவம் டஃபியின் ஸ்டுடியோவில் இருந்த நேஷனல் பானசோனிக் ரைஸ் குக்கரின் சின்னத்திலிருந்து வந்தது என்ற கதையைச் சொல்லாமல் இருப்பது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அட்டையைப் பார்க்கிறவருக்குக் குக்கர் தெரியாது. ஒரு வரியில் முடித்துக்கொண்டு கண்களுக்குத் திரும்பிவிடுங்கள்.

தேர்வு அறையில் முதல் வேலையாக விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னச் சதுரம் போட்டு, முகம், மின்னல், துளி, எழுத்து எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். எழுதும் ஒவ்வொரு பத்தியும் அந்தச் சதுரத்தில் ஏதாவது ஓர் இடத்தைத் தொட வேண்டும். தொடாத பத்தி பெரும்பாலும் போவியின் வாழ்க்கை வரலாறாகத்தான் இருக்கும். அதை இந்தக் கேள்வி கேட்கவில்லை.