மணக்குடிப் பொழியில் என் எட்டாம் நம்பர் ராடு

மணக்குடியிலிருந்து வந்த கையோடு எழுதுகிறேன். ஃப்ளை ராடு, அதாவது கொக்கியில் இறகு கட்டி (அதுதான் ஃப்ளை) எறிந்து மீன் பிடிக்கும் தூண்டில் கோல், வாங்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பிராண்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள். நல்ல லைனுக்கும் உங்கள் கைக்குப் பொருந்தும் பிடிக்கும் செலவழியுங்கள்.

நாகர்கோவில் வரை ரயிலில் நிம்மதியாக வந்தாயிற்று. பஸ் ஸ்டாண்டில் மணக்குடி பஸ் இப்போதுதான் கிளம்பியது என்றார்கள். சரி, ஆட்டோ. பேசிய காசுக்கு மேல், இறங்கும்போது ராடு வைத்திருந்த குழாய்க்குத் தனியாக நூறு ரூபாய் கேட்டார் அந்த டிரைவர். நான்கு துண்டாகக் கழற்றிய ராடு அது, குழாய் இரண்டரை அடிதான். வழி முழுக்க என் மடியில்தான் இருந்தது! வாக்குவாதம் செய்து ஐம்பதோடு முடித்தேன். அந்த ஐம்பதும் அநியாயம்தான். பட்ஜெட் போட்டுப் பயணம் போகிறவனுக்கு ஐம்பது ரூபாய் ஒரு வேளைச் சாப்பாடு.

மணக்குடிப் பொழி என்பது பழையாறு கடலில் கலக்கும் இடம். 2004 சுனாமி இங்கிருந்த பாலத்தையே பிய்த்துக்கொண்டு போனது. இப்போது இருப்பது புதிய பாலம். காயல் பக்கம், பின்னால் மரமோ கம்பியோ இல்லாத இடமாகப் பார்த்து நின்றேன். ஃப்ளை லைன் முன்னே போகுமுன் அதே அளவு பின்னாலும் பறக்க வேண்டும்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஈயம் இல்லாம இது எப்படி மக்களே போவுது?"

சரியான கேள்வி. சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் எடை நைலான் நரம்பை இழுத்துப் போகும். இதில் லைனுக்கே எடை, கொக்கியில் கட்டிய இறகுக்கு எடையே கிடையாது. ராடின் நம்பர் என்பது அந்த லைனின் எடைதான். முதல் 30 அடியைக் கணக்கிட்டு நம்பர் போடுகிறார்கள். 5 என்றால் சுமார் 9 கிராம், 8 என்றால் பதின்மூன்றரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஊட்டி, மூணாறு ஓடைகளில் டிரவுட் மீனுக்கு 5 போதும். இங்கே கடற்காற்று முகத்தில் அறையும், பாறை மீன் வேகமாக இழுக்கும். 9 அடி நீளத்தில் 8ஆம் நம்பருக்குக் கீழே யோசிக்காதீர்கள்.

என் ராடு ஆரம்ப விலை ரகம். 1000 டாலரைத் தொடும் அமெரிக்க ராடு ஒன்றை நண்பரிடம் வாங்கி எறிந்திருக்கிறேன். எடையே தெரியவில்லை, அருமை. ஆனால் பிடி தடிமன்; ஒரு மணி நேரத்தில் கட்டைவிரல் அடியில் வலி எடுத்துவிட்டது. என் கை சிறியது. அதனால் என் ராடின் கார்க் பிடியை நானே இழைத்தேன். கார்பன் தண்டில் கீறல் விழாமல் மாஸ்கிங் டேப் சுற்றிக்கொண்டு, 240 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 400இல் முடிக்க வேண்டும். கட்டைவிரல் அமரும் குழியில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக. நாலு தேய்ப்புக்கு ஒருமுறை பிடித்துப் பாருங்கள், எடுத்த கார்க் திரும்ப வராது. கை பெரிதென்றால் இன்னும் சுலபம்: டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் டேப்பைச் சுற்றினால் போதும். உப்புத்தாள் செலவு ஒரு டீ, வடைக்குள் அடங்கிவிட்டது.

அப்புறம் சமநிலை. லைன் சுற்றிய ரீலை மாட்டி, லைனைக் கொஞ்சம் வெளியே இழுத்து, பிடியின் முன்பகுதியை ஒரு விரல்மேல் வையுங்கள். நுனி சாய்ந்தால் மணிக்கட்டு மாலைக்குள் வலிக்கும். இன்னும் கொஞ்சம் கனமான ரீல் அதைத் தீர்க்கும்.

அண்ணாச்சியிடம் ராடைக் கொடுத்தேன். வலை இழுத்துக் காய்த்த உள்ளங்கைக்குள் பிடி காணாமல் போனது. "நமக்கு இது ஆவாது, மெலிசு" என்று உடனே திருப்பித் தந்துவிட்டார். பத்து கடை விற்பனையாளர்கள் சொல்லாததை ஒரு நொடியில் சொன்னார்!

மதியம் மசித்த மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும். குடம்புளி சாறு கிழங்கில் ஊறி, விரலெல்லாம் சிவப்பு. அதற்காகவே இன்னொரு முறை போகலாம்.

மாலையில் வெள்ளையும் பச்சையுமான ஃப்ளைக்கு உள்ளங்கை நீளப் பாறை மீன் குட்டி ஒன்று மாட்டியது. குட்டிதான், ஆனால் ராடின் நுனி துடித்தது! விட்டுவிட்டேன்.

கிளம்புமுன் இரண்டு பாட்டில் நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், குடிக்க அல்ல. ராடில் லைன் ஓடும் வளையங்களையும் ரீல் மாட்டும் திருகையும் அங்கேயே கழுவிவிட வேண்டும். விலை மலிந்த ராடில் உப்பு முதலில் பிடிப்பது அங்கேதான்.